யாரு வீட்டுப் பிள்ளைவே நீரு?

மருமவனே, ஆபீசுக் கூட்டாளிகளோட குற்றாலத்துக்கு வாரதா உங்கம்மை போன்ல சொன்னா. ரெண்டு காரு, எட்டுப் பேராம்லா. சந்தோசம். சாரல் நல்லாத்தான் பிடிச்சிருக்கு. ஐந்தருவியில அஞ்சும் தனித்தனியா விழுது. வாரும்வே.

வாரதுக்கு முன்ன இந்தக் கெழட்டு மாமன் நாலு புத்தி சொல்லுதேன், கேட்டுக்கிடும். உமக்குத் தெரியாததா? தெனம் விடியக்காலம் மரம் வளக்கச் சொல்லி எனக்கு வாட்ஸ்அப்புல படம் அனுப்புத ஆளாச்சே நீரு. அதைப் பாத்துட்டுத்தான் நான் பல்லே விளக்குதேன். ஆனா சீசனுக்கு வந்து போறதுக்குன்னு இங்க ஒரு சம்பிரதாயம் உருவாயிருக்கு. அது தெரியாம வந்தீர்னா உம்மைப் பட்டிக்காட்டான்னு நெனைச்சிருவாங்க.

மொதல் சம்பிரதாயம் ஷாம்பு. மேல மலையில ஆயிரம் மூலிகை இருக்கு, அதுல உரசிக்கிட்டு வாரதால இந்தத் தண்ணியே மருந்துன்னு வாரவன் பூராவும் சொல்லுவான். சொன்ன வாயாலயே ஷாம்பு பாக்கெட்டைக் கடிச்சுக் கிழிப்பான். அந்த ஆயிரம் மூலிகைக்கும் ரெண்டு ரூவா ஷாம்பு துணைக்கு வேணும் போல. கிழிச்ச மூலைத் துண்டு நகத்தளவு இருக்கும், அது எங்க போச்சுன்னு கிழிச்சவனுக்கே தெரியாது. எனக்குத் தெரியும். தண்ணி வத்தின பொறவு பாறை இடுக்குல அதுதான் மின்னிக்கிட்டுக் கெடக்கும். எண்ணெய், சோப்பு, சீயக்காய், ஷாம்பு எதுவும் அருவியில கூடாதுன்னு மதுரை ஹைகோர்ட்டு பெஞ்சு 2014-லயே உத்தரவு போட்டுது. போர்டும் வச்சாச்சு. அந்தப் போர்டு மேலதான் ஈரத்துண்டைக் காயப் போடுதாங்க.

"படிக்காத சனம் மாமா, விழிப்புணர்வு இல்ல"ன்னு சொல்லுவீரு. அங்கதான்வே நீரு ஏமாந்தீரு.

பேரருவிக்குப் பக்கத்துலயே குற்றாலநாதர் கோயில் இருக்குல்லா, சங்கு வடிவத்துல கட்டின கோயிலு. ஷாம்பு போட்ட அதே ஆளு தலையைத் துவட்டிட்டு அதுக்குள்ள போவான். செருப்பை வெளிய விடுவான். சத்தத்தைக் கொறைச்சுக்கிடுவான். பிரசாதம் வாங்கின எலையை மடிச்சுக் கையில வச்சுக்கிட்டு, தொட்டி எங்க இருக்குன்னு தேடுவான். பிரகாரத்துல ஒரு மிட்டாய்க் காயிதம் போட மாட்டான். கும்பிட்டுட்டு வெளிய வந்ததும் ஒரு பாக்கெட்டு நேந்திரங்கா சிப்ஸ் வாங்குவான். தின்னு முடிச்ச கவரு காத்தோட போகும். நடுவுல கொஞ்ச தூரம்தான் நடந்திருக்கான். அந்தக் கொஞ்ச தூரத்துக்குள்ள அவன் படிச்ச படிப்பு எங்க போச்சு? விழிப்புணர்வு அசந்து தூங்கிட்டா? ஆளு அதே ஆளுதான், எடம்தான் மாறிட்டு. இங்க இப்படித்தான் இருக்கணும்னு ஒரு எடம் சொல்லுது, எப்படியும் இருந்துக்கோன்னு இன்னொரு எடம் சொல்லுது. மனுசப்பய ரெண்டு பேச்சையும் தட்டாமக் கேக்கான். ரொம்பக் கீழ்ப்படிஞ்ச பிறவி.

எடம் எப்படிப் பேசும்னு கேப்பீரு. நம்ம தென்னந்தோப்பு ரோட்டோரம்தான இருக்கு. சீசன்ல மதியம் நிழலுக்கு வேனு வந்து ஒதுங்கும். நான் கட்டில்ல கண்ணை அரைக்கண்ணா மூடிக்கிட்டுப் பாத்துக்கிட்டே கெடப்பேன். டிவியில இம்புட்டு நல்ல சீரியல் வராதுவே. வேன்ல இருந்து எறங்குத ஆளு மொதல்ல தரையைப் பாப்பான். தரை சுத்தமா இருந்துச்சுன்னு வையும், சாப்பிட்டு முடிச்ச தட்டைக் கையில வச்சுக்கிட்டு முழிப்பான். பொண்டாட்டியைப் பாப்பான். மரத்தைப் பாப்பான். என்னையப் பாப்பான், நான் முழுசா கண்ணை மூடிக்கிடுவேன். கடைசியில ஒரு கவருக்குள்ள திணிச்சு வேனுக்குள்ளயே வச்சிருவான். தரையில முன்னமே நாலு தட்டு கெடந்துச்சுன்னா இந்தச் சங்கடமே கெடையாது. அஞ்சாவது தட்டு தன்னால போயிச் சேந்துக்கிடும்.

தண்ணி பாட்டில் விசயம் இன்னும் விசேசம். அதை வீச மாட்டான், மரியாதை தெரிஞ்சவன். மரத்து மூட்டுல ஏற்கெனவே ஒரு பாட்டில் நிக்கும்லா, அதுக்குப் பக்கத்துல, மூடியை நல்லாத் திருகி, பையக் குனிஞ்சு, சாயாம நிக்க வச்சுட்டுப் போவான். குப்பை போட்டதா அவன் கணக்குலயே வராது. சோடி சேத்து வச்ச புண்ணியம்தான் வரும்.

நான் விடியுமுன்ன வாரியலைத் தூக்கிக்கிட்டு தோப்பைப் பெருக்குததைப் பாத்து உங்க அத்தை எனக்குக் கோட்டி பிடிச்சிட்டுங்கா. அவளுக்கு என்ன தெரியும்? மொதத் தட்டை எடுத்துட்டா பின்னால வாரதுல பாதி வராது. மொதத் தட்டுக்குத்தான்வே அம்புட்டு மவுசு.

இது நம்ம ஊருக் கோளாறுன்னும் நெனைச்சிராதேயும். என் பேத்தி பாளையங்கோட்டையில காலேசு படிக்கா, அவ ஒரு சங்கதி சொன்னா. அமெரிக்காவுல அரிசோனான்னு ஒரு மாகாணம். அங்க ஆதிகாலத்து மரமெல்லாம் கல்லாச் சமைஞ்சு கெடக்குத ஒரு காடு, அரசாங்கப் பூங்கா. பாக்க வாரவங்க ஆளுக்கொரு துண்டைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டுப் போறாங்க. சியால்டினின்னு ஒரு மனோதத்துவ வாத்தியாரு கூட்டாளிகளைச் சேத்துக்கிட்டு, பாதையில அடையாளம் வச்ச துண்டுகளைப் போட்டு, போர்டை மாத்தி மாத்தி வச்சுப் பாத்திருக்காரு. ஒரு போர்டுல, முன்ன வந்த நெறைய பேரு துண்டை எடுத்துட்டுப் போயி காட்டையே கெடுத்துட்டாங்கன்னு வருத்தப்பட்டு எழுதியிருந்துச்சு. இன்னொண்ணுல, தயவுசெஞ்சு எடுக்காதீங்கன்னு மட்டும். வருத்தப்பட்ட போர்டு இருந்த பாதையில 100-க்கு எட்டுத் துண்டு கிட்டக் களவு போச்சு. எடுக்காதீங்கன்னு மட்டும் சொன்ன பாதையில ரெண்டு கூடப் போகல. எல்லாரும் எடுத்துட்டாங்கன்னு படிச்சவனுக்கு என்ன தோணும்? நமக்கு மிச்சம் இருக்கான்னு பாப்போம்னுதான் தோணும்.

நம்ம ஆளுக அதுலயும் ஒரு படி மேல. குப்பை கொட்டாதீர்னு எழுதின எடத்தைக் கண்டுபிடிக்கணும்னா போர்டைத் தேட வேண்டாம். குப்பையைத் தேடும், போர்டு அதுக்கு உள்ளுக்குள்ள இருக்கும். வெளியூர்க்காரனுக்கு எங்க கொட்டணும்னு அடையாளம் காட்டுததே அதுதான்.

இனிச் சொல்லுதது மாமனோட கைவசச் சரக்கு. வெளிய சொல்லிராதேயும்.

ஒரு சீசன்ல வேன் நெறையப் பயலுவ வந்து எறங்கினானுவ. பாட்டுச் சத்தத்துல தென்ன ஓலை ஆடுது. ஒருத்தன் பீரைக் குடிச்சு முடிச்சுட்டு, எதுத்தாப்புல இருந்த மரத்தைக் குறி பாத்துப் பாட்டிலை ஓங்குதான். ஏம்லே உடைக்கன்னு நான் கேட்டிருந்தா என்ன சொல்லுவான்? 'பெருசு, ஓன் சோலியைப் பாரு'ம்பான். அதனால கேக்கல. வேட்டியை உதறிக் கட்டிக்கிட்டு, சிரிச்ச மொகமாப் பக்கத்துல போயி, "தம்பிக்கு எந்த ஊரு?"ன்னேன்.

கை அந்தரத்துல நின்னுட்டு.

"கோவில்பட்டிப் பக்கம் தாத்தா."

"கோவில்பட்டியில எங்கன?"

"கழுகுமலை போற ரோட்டுல..."

"அட! யாரு வீட்டுப் பிள்ளை?"

அம்புட்டுத்தான்வே. பாட்டில் முதுகுக்குப் பின்னால போயிட்டு. அப்பா பேரு வந்துச்சு, தாத்தா பேரு வந்துச்சு, தாத்தா பருத்தி யாவாரம் பாத்ததும் வந்துச்சு. அவுகள்ல ஒருத்தரையும் எனக்குத் தெரியாது. "அவுக பேரனா நீயி!"ன்னு மட்டும் சொன்னேன். அதுல பொய்யி எங்க இருக்கு? வேனு கெளம்புததுக்கு முன்ன அந்தப் பயலே எங்கிட்ட ஒரு சாக்கு வாங்கி, அத்தனை பாட்டிலையும் பொறுக்கிப் போட்டு, பாட்டுச் சத்தத்தையும் கொறைக்கச் சொன்னான். போகும்போது கும்பிடு வேற.

அவன் தெருவுல அவன் பாட்டில் உடைப்பானா? எதுத்த வீட்டு ஆச்சி தோலை உரிச்சிருவா. ஊரு தாண்டினதும் அவன் யாருக்கும் பேரன் இல்ல, யாருக்கும் பக்கத்து வீட்டுக்காரன் இல்ல. உடைச்ச கண்ணாடியில நாளைக்குக் கால் வைக்கப் போறதும் அவன் இல்ல. லீவு எடுக்கானே, ஆபீசுல இருந்து மட்டுமா எடுக்கான்? நல்லவனா இருக்கதுல இருந்தும் சேத்துத்தான் எடுக்கான். வீட்டுல மக்குத குப்பை, மக்காத குப்பைன்னு ரெண்டு வாளி வச்சுப் பிரிச்சுப் போடுத மகராசி ஒருத்தி, பிள்ளையோட டயப்பரைக் காரு கண்ணாடி வழியா விட்டதை இந்தக் கண்ணு பாத்திருக்கு. அவ கெட்டவ இல்லவே. வாளி வீட்டுல இருக்கு, அவ இங்க இருக்கா.

இப்பச் சர்க்காரும் கோர்ட்டும் கூட என் வழிக்குத்தான் வருது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகணும்னா 2024 மே 7-ல இருந்து இ-பாஸ் எடுக்கணும். நீரு யாரு, வண்டி நம்பர் என்ன, எங்க தங்குதீருன்னு எல்லாம் எழுதிக் குடுக்கணும். வண்டியை எண்ணுததுக்குத்தான்னு சொல்லுதாங்க. எண்ணட்டும். ஆனா பேரைக் குடுத்துட்டு மலை ஏறுதவனுக்கும் குடுக்காம ஏறுதவனுக்கும் முதுகு கொஞ்சம் வித்தியாசமா நிமிரும்னுதான் எனக்குத் தோணுது.

நாலு பேரு கண்ணுக்கு முன்னால செய்யுததெல்லாம் நல்லதாத்தான் இருக்கும்னும் சொல்ல முடியாது. குரங்கையே எடுத்துக்கிடும். திரிகூடராசப்பக் கவிராயர் குறவஞ்சி பாடுத காலத்துலயே இந்த மலையில குரங்கு உண்டு. அவரு குரங்குக்குப் பழந்தான் தெரியும். இப்ப உள்ள குரங்கு, காரச் சிப்ஸ் எது, உப்புச் சிப்ஸ் எதுன்னு கவரைப் பாத்தே பிரிச்சிரும். ரீல்ஸுக்கு லைக்கு வேணும்னு நீரு ஒரு பாக்கெட்டை நீட்டுவீரு, அதுவும் உம்ம கையில இருந்து பவுசா வாங்கித் தின்னும், படம் பிரமாதமா இருக்கும். அடுத்த வாரம் வாரவன் பிள்ளை கையில பிஸ்கோத்து இருந்தா, அது கேக்காமலே பிடுங்கும். கடி வாங்குதது உமக்குப் பொறவு வந்தவன். லைக்குப் போட்ட ஐநூறு கண்ணும் அதைப் பாக்காது. உம்மைப் பாக்குத கண்ணு எந்த ஊருக் கண்ணுங்கதுலதான்வே விசயம் இருக்கு.

லாட்ஜுக் கதையைச் சுருக்கமாச் சொல்லிருதேன். காசு குடுத்திருக்கோம்னு ஒரு நெனைப்பு வந்துட்டா, வீட்டுல பாதி வாளியில குளிக்கவன் அங்க ஷவரைத் திறந்து விட்டுட்டு போன் பேசுவான். தெனம் ஒரு புதுத் துண்டு கேப்பான். இதுக்கும் அந்தச் சியால்டினி கூட்டம் ஒரு வைத்தியம் கண்டுபிடிச்சு 2008-ல எழுதியிருக்கு. சுற்றுச்சூழலைக் காப்பாத்த துண்டைத் திரும்பப் பயன்படுத்துங்கன்னு அட்டை வச்சா 100-க்கு 37 பேரு கேட்டாங்க. இதே ரூம்ல முன்ன தங்கினவங்கள்ல முக்காவாசிப் பேரு அப்படித்தான் செஞ்சாங்கன்னு வச்சா 49 பேரு. பூமி அழியுதுன்னா அசைய மாட்டான். அதே கட்டில்ல படுத்துட்டுப் போன எவனோ ஒருத்தன் செஞ்சான்னா ரோசம் வந்துருது. நார்வேயில ஓட்டல்கள்ல தட்டைச் சின்னதாக்கிப் பாத்தப்போ மிச்சம் போடுத சாப்பாடு அஞ்சுல ஒரு பங்கு கொறைஞ்சுதாம். யாருக்கும் ஒரு வார்த்தை புத்தி சொல்லல. நான்தான் பாழாப்போன வாயை வச்சுக்கிட்டு உமக்குச் சொல்லிக்கிட்டு இருக்கேன்.

சரி, சட்டம் போட்டா அடங்குமான்னு கேப்பீரு. 2019 ஜனவரி 1-ல இருந்து தமிழ்நாட்டுல ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப் போடுத 14 வகைப் பிளாஸ்டிக்குக்குத் தடை. தண்ணி பாக்கெட்டு அதுல போச்சு. தண்ணி பாட்டில் போகல. பாக்கெட்டு வாங்கினவன் ஏழை, பாட்டில் வாங்குதவன் கனவான், அவரு மனசு நோகப்படாதுல்லா. நீலகிரியில அந்தப் பாட்டிலையும் தடுத்தாங்க. தடுத்துட்டுச் சும்மா இருக்கல, காசு போட்டா நல்ல தண்ணி பிடிச்சுக்கிடுத மிசின்களை ரோட்டோரம் வச்சாங்க. தாகத்துக்கு வழி காட்டாம பாட்டிலை மட்டும் பிடுங்கினா, வெயில்ல வந்தவன் என்ன செய்வான், மேகத்தைப் பாத்து வாயைத் திறப்பானா?

எனக்கு ரொம்பப் பிடிச்சது அங்க நடந்த டாஸ்மாக் கூத்துதான். குடிச்சுட்டுக் காட்டுக்குள்ள வீசுத பாட்டில் உடைஞ்சு யானைக் காலுல குத்துது. அழகழகாப் படம் போட்டு எழுதிப் பாத்தாங்க, குடிமகன் படிக்கல. பொறவு ஹைகோர்ட்டு தலையிட்டு, 2022-ல நீலகிரியில ஒரு ஏற்பாடு வந்துச்சு. பாட்டிலுக்கு 10 ரூவா கூடுதலா வாங்கிக்கிடுவாங்க, காலிப் பாட்டிலைத் திருப்பிக் குடுத்தா 10 ரூவாயும் கைக்கு வந்துரும். அன்னையில இருந்து யானை மேல அவுகளுக்கு எம்புட்டுப் பாசம்னு நெனைக்கீரு! நடக்கத் தள்ளாடுதவன் கூட பாட்டிலை மட்டும் தவறவிடாம நெஞ்சோட அணைச்சுக்கிட்டு வாரான். அவனே மறந்து போட்டாலும், பின்னால வாரவன் அதைப் பாட்டிலாப் பாக்கல, பத்து ரூவாயாப் பாக்கான். உங்க அறிவு, அன்பு, அக்கறையெல்லாம் எனக்கும் சம்மதம்தான். ஆனா 10 ரூவா கொஞ்சம் வெரசா வேலை பாக்குது.

பாவநாசத்துக்கும் போறதா பிளான் இருக்காம்லா. போங்க. அங்க படித்துறையில இன்னொரு சம்பிரதாயம் உண்டு. தாமிரபரணியில முங்கி எந்திரிச்சு, கட்டியிருந்த துணியை ஆத்தோட விட்டுட்டா பீடை தொலைஞ்சுரும்னு எவனோ சொல்லி வச்சிருக்கான். பாலியஸ்டர் சேலை, ஜீன்ஸ் பேண்டு எல்லாம் ஆத்துக்குள்ள கெடக்கு. குளிக்க எறங்குதவன் காலுல சுத்துது. டன் கணக்குல அள்ளுதாங்க, மறுபடியும் நெறையுது. உம்ம பாவம் உம்மை விட்டுச்சு, சரி. மீனு என்னவே பாவம் செஞ்சுது? அதே ஆளுக கொஞ்சம் மேல ஏறினா களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துச் செக்போஸ்ட்டு. காட்டிலாகாக்காரரு பையைத் திறந்து காட்டச் சொல்லுவாரு. பிளாஸ்டிக் இருக்கா, சரக்கு இருக்கான்னு துழாவுவாரு. கையைக் கட்டிக்கிட்டு, "இல்லைங்க ஐயா, நாங்க இயற்கை ஆர்வலருங்க"ம்பாங்க. கீழ துணி விட்டவரும் மேல ஆர்வலரும் ஒரே ஆளுதான், சட்டை மட்டும்தான் புதுசு.

ரொம்பப் பேசிட்டேன். இனி ஆக வேண்டிய காரியத்தைச் சொல்லுதேன். வார எட்டுப் பேரோட பேரு, அப்பா பேரு, சொந்த ஊரு எல்லாம் ஒரு தாளுல எழுதி எனக்கு வாட்ஸ்அப்புல அனுப்பும், மரம் வளக்குத படத்துக்குப் பதிலா. எறங்கினதும் ஒவ்வொருத்தரையும் பேர் சொல்லி வரவேற்கணும்லா, அது மரியாதை. அதுல ஒருத்தன் சங்கரன்கோவில்காரன்னு உங்கம்மை சொன்னா. அவன் தாத்தாவை எனக்கு நெசமாவே தெரியும், அதை மட்டும் அவங்கிட்ட இப்பவே சொல்லிரும்.

சாப்பாடு அத்தை வாழை எலையில போடுதா. ராத்திரிக்கு பார்டர் பரோட்டாதான் வேணும்னு அடம் பிடிப்பீங்கன்னு தெரியும், அதுக்கு தூக்குச்சட்டி நாலு கழுவிக் கவுத்தி வச்சிருக்கா. சால்னாவை பிளாஸ்டிக் கவருல கட்டிக்கிட்டு வந்தா வீட்டுக்குள்ள விட மாட்டா, நான் சொன்னாலும் கேக்க மாட்டா. ஐடி கம்பெனியில வேலை பாத்துக்கிட்டு தூக்குச்சட்டியத் தூக்க வெக்கமா இருக்குன்னு சொல்லுதவன் எவனாச்சும் இருந்தா, தாளுல அவன் பேருக்கு நேரா ஒரு புள்ளி வையும். பார்டருக்கு அவனைத்தான் அனுப்பணும்.